லோன்லி: பொருளும் சரியான பயன்பாடும்

“சார், இங்கிலீஷ் பாரத்தைக் காட்டுங்க.”

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே எனக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். லீவு கேட்கலாம், குடிக்கத் தண்ணீர் கேட்கலாம், வெயில் அதிகமென்று ஜீப்பைக்கூடக் கேட்கலாம். கிடைக்காது, ஆனால் கேட்கலாம். இங்கிலீஷ் பாரத்தை மட்டும் கேட்கவே கூடாது. ஏழு மாதம் கேட்காமல் இருந்தேன். எட்டாவது மாதம், ஒரு திங்கட்கிழமை காலை பத்தே காலுக்குக் கேட்டுவிட்டேன்.

இயக்குநர் தட்சணாமூர்த்தி சார் மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்கள் அலுவலகம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்த ஒரு கல்யாண மண்டபம். சுனாமிக்கு அடுத்த வருஷம் மொத்தமாக வாடகைக்கு எடுத்தபோது மேடையில் கிடந்த சிவப்பு வெல்வெட் ஜோடி நாற்காலிகளும் சேர்ந்தே வந்தன. ஒன்றில் சார் உட்கார்ந்தார். மற்றதில் கோப்புகள் உட்கார்ந்தன. இருவர் தலைக்கும் மேலே ‘மணமக்களை வாழ்த்துவோம்’ என்ற தெர்மோகோல் எழுத்துகளை யாரும் பிய்க்கவில்லை. அதற்குக் கீழே பன்னிரண்டு ஆணிகள், பன்னிரண்டு சாவிகள்.

எங்கள் அலுவலகத்தின் முழுப்பெயர் கடலோர மனநல மீட்பு மையம். போர்டில் சுருக்கமாக க.ம.மீ. என்று எழுதியிருந்தது. ஊரில் கம்மி ஆபீசு என்றால் குழந்தைகூட வழி சொல்லும்.

“உம்பேரு என்னாம்மா?” என்றார் சார். கோபம் வந்தால் அவருக்கு என் பெயர் மறந்துவிடும்.

“செந்தமிழ் சார்.”

“பேரு செந்தமிழு. கேக்கறது இங்கிலீஷு.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த கோப்புகள் சிரிக்கவில்லை. “பாரும்மா. மூலம்ங்கறது கோயில்ல மூலவர் மாதிரி. கர்ப்பகிரகத்துலதான் இருக்கணும். தெருவுல வர்றதுக்கு உற்சவர் இருக்காரு. நம்ம தமிழ்ப் பாரம்தான் உற்சவர். அது அப்ரூவ் ஆயிடுச்சி. நான் இருவத்தெட்டு வருஷம் சர்வீஸ் போட்டவன். ஒரு மூலத்தையும் நான் படிச்சது கெடையாது. அதனாலதான் ஒரு மெமோகூட வாங்காம ரிடையர் ஆனேன்.”

கர்ப்பகிரகம் என்று அவர் சொன்னது அவருக்குப் பின்னால் இருந்த இரும்பு பீரோ. உள்ளே அந்த இங்கிலீஷ் பாரக் கட்டோடு ஒரு முறுக்கு டின்னும் இருந்தது எல்லோருக்கும் தெரியும். முறுக்கைக் கேட்கலாம்.

நான் பாரத்தைக் கேட்டதற்குக் காரணம் பதினேழாவது கேள்வி.

எங்கள் வீட்டில் முதன்முதலில் டிகிரி வாங்கியவள் நான். பி.ஏ. ஆங்கிலம். அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் கூலி. மூன்று வருஷம் இங்கிலீஷ் படித்ததற்குத் தெருவுக்கு நான் செய்த சேவை, மருந்து பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொன்னது. க.ம.மீ. வந்து எனக்கு உத்தியோகம் கொடுத்தது. நாற்பத்திரண்டு கேள்வி உள்ள ஒரு தமிழ்ப் பாரத்தை வீடு வீடாக எடுத்துப்போய் டிக் அடிக்க வேண்டும். ஆபீசில் படித்த பெண் நான் ஒருத்திதான் என்பதால் காலையில் மண்டபத்தைத் திறப்பது, தபால் சீல் குத்துவது, சாருக்கு வெந்நீர் வைப்பது எல்லாமே என் பொறுப்பு.

பதினேழாவது கேள்வி இது: ‘நீங்கள் தனியாக இருக்கிறீர்களா? ஆம் / இல்லை.’

அந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்றால்தான் வீடு. உப்பளத்துக்குப் போகிற மண்பாதையில் வரிசையாகப் பன்னிரண்டு ஒற்றை அறைகள் கட்டி நின்றன. ஓர் அறை, ஓர் அடுப்படி, ஒரு கதவு. வெளிநாட்டில் யாரோ நல்லவர்கள், அலையில் ஆளைப் பறிகொடுத்துவிட்டு லோன்லியாக இருக்கும் பெண்களுக்கென்று அனுப்பிய பணத்தில் கட்டியது. வாசலில் ‘லோன்லி மகளிர் இல்லம்’ என்று போர்டு வைத்தோம். மூன்று பேர் வந்து மாட்டு லோன் கேட்டார்கள். சார் பெயின்டரைக் கூப்பிட்டு ‘லி’யை மட்டும் பெரிசாக்கச் சொன்னார்.

கணக்கெடுப்பின் முதல் நாளே நான் போனது வினோதினி வீட்டுக்கு. கல்யாணமாகி ஒன்றரை வருஷம். பாரத்தில் உள்ளதை உள்ளபடி படிக்க வேண்டும், விளக்கம் சொல்லக் கூடாது என்பது உத்தரவு. படித்தேன்.

“நீங்கள் தனியாக இருக்கிறீர்களா?”

வினோதினி முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. “ஆமாங்க்கா! போன தை மாசந்தான் தனியா வந்தோம். மாமியாரு ஒரே ரகளை. எங்க வூட்டுக்காரு ஒரே வார்த்தையில சொல்லிட்டாரு, போறோம்னு. இப்பத்தாங்க்கா நிம்மதி. இருங்க, கலர் வாங்கியாரச் சொல்றேன்.”

ஆம் என்று டிக் அடித்தேன். கலர் குடித்தேன்.

நாலு தெரு தள்ளி அவள் மாமியார் வீடு. அந்த அம்மாளும், “அந்தச் சிறுக்கி எம்புள்ளயக் கூட்டிக்கினு போனதுல இருந்து நானும் எங்க வூட்டுக்காரரும் தனியாத்தான் இருக்கோம், எழுதிக்கோ” என்றாள். ஆம்.

இப்படி எழுபத்தொரு ‘ஆம்’ சேர்ந்தது. அதில் அறுபத்துநாலு பேருக்குப் புருஷன் பக்கத்திலேயே உட்கார்ந்து பதில் சொல்ல உதவி செய்தான். சார் அறிக்கை எழுதினார். அதில் ஒரு வரி இன்னும் மனப்பாடமாக இருக்கிறது: ‘இவ்வட்டாரத்துத் தனிமை பெரும்பாலும் இருவர் கொண்டதாகக் காணப்படுகிறது. தனிமையில் உள்ள பெண்கள் மகிழ்ச்சியாகவும், கணிசமானோர் கருவுற்றும் இருப்பது மேலும் ஆராயத்தக்கது.’

மாரியக்காவிடம் நான் போனது கணக்கெடுப்பின் இரண்டாவது வாரம்.

மாரியம்மாள் என் அம்மாவோடு ஒரே பாத்தியில் உப்பு வாருகிறவள். அவள் புருஷன் பச்சமுத்து, அலை வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நெத்திலி வாங்கி வருகிறேன் என்று மஞ்சள் பையோடு கரைக்குப் போனவர். பையும் கிடைக்கவில்லை. வீட்டைக் கழிமுகத் தண்ணீர் கொண்டுபோனது. அன்றிலிருந்து கொழுந்தன் பாவாடை குடும்பத்தோடு தார் ஷீட் கொட்டகையில் இருந்தாள்.

கேள்வியைப் படித்தேன். வாய்விட்டுச் சிரித்தாள்.

“தனியாவா? ஏந் தமிழு, கண்ணு தெரியலயா? எண்ணிக்கோ. பாவாடை, அவம் பொண்டாட்டி, புள்ளைங்க நாலு, அவ ஆத்தா ஒண்ணு, நானு. எட்டுப் பேரு. ராத்திரி ஒருத்தரு பொரண்டா எட்டுப் பேரும் பொரளணும்.”

இல்லை என்று டிக் அடித்தேன். மையில். என் கையால். பேனாவை மூடும்போதுதான் சொன்னாள்.

“ஆனா வெறிச்சினு இருக்குதும்மா.”

“என்னாக்கா?”

“வெறிச்சினு இருக்குது. எட்டுப் பேரு இருக்கோம், ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்குது. சரி ஒரு பாட்டம் அழுவலாம்னா, அழுவ வுடறாங்களா? கண்ணு கலங்கனதுமே ஒருத்தி சொம்புல தண்ணி கொண்டாறா. ஒருத்தி மூக்கத் தொடச்சி வுடறா. சின்னது வந்து மடியில ஏறிக்கினு, ‘பெரிம்மா அழுவாத, முட்டாயி தரேன்’னுது. அதுங்க நல்லதுக்குத்தான் செய்யுதுங்க. ஆனா ஒரு வருசம் ஆயிடுச்சி தமிழு, அந்தாளுக்காவ நான் ஒருவாட்டிகூட முழுசா அழுவல. பாதியிலயே சமாதானம் ஆயிடுது.” கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: “அந்த வூட்டுக் கதவுக்கு உள்பக்கம் தாப்பா இருக்குதா?”

வெறிச்சினு இருக்குதுக்குப் பாரத்தில் கட்டம் இல்லை. தாழ்ப்பாளுக்கும் இல்லை.

மறுநாளே சாரிடம் போனேன். அந்த ஒரு டிக்கைத் திருத்த வேண்டும் என்றேன்.

“மையில போட்டது போட்டதுதாம்மா. ஆண்டவனே வந்தாலும் அடிச்சித் திருத்த முடியாது. விலாசம் மாறிச்சின்னா புதுப் பாரம் எடுக்கலாம், ரெண்டு சொந்தக்காரங்க சாட்சிக் கையெழுத்தோட. அது ரூலு. சீல் குத்தி இன்வர்டு நோட்டுல ஏத்திட்டா அப்பறம் அதை நானே நெனச்சாலும் இல்லேன்னு சொல்ல முடியாது. அதுவும் ரூலு.”

“சாட்சி எதுக்கு சார்?”

“அவங்களுக்கு யாரும் இல்லன்னு சொந்தக்காரங்க ரெண்டு பேரு வந்து சொல்லணும்.”

“சொந்தக்காரங்க ரெண்டு பேரு வந்தா, யாரும் இல்லன்னு எப்படி சார்?”

“அதனாலதான் இதுவரிக்கும் ஒரு விண்ணப்பம்கூட தப்பா பாஸ் ஆகல” என்றார் சார், பெருமையாக.

அறைகள் பூச்சு காய்ந்து, சாவிகள் ஆணியில் தொங்கி, பட்டியல் முடிகிற வாரமும் வந்தது. எழுபத்தொன்றில் மாரியக்கா பெயர் இல்லை. அந்தத் திங்கட்கிழமைதான் நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன். லோன்லி என்றால் தனியாக இருப்பது அல்ல. மூன்று வருஷம் படித்ததில் அது ஒன்றாவது எனக்குத் தெரியும். இங்கிலீஷ் பாரத்தில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

சார் பாரத்தைக் காட்டவில்லை. அதற்குப் பதில், “இன்னிக்கி உனக்கு வந்த சந்தேகம் நாளைக்கி யாருக்கு வேணா வரும்” என்று சொல்லி, மூன்று நாள் பயிலரங்கம் ஒன்றை அன்றைக்கே அறிவித்துவிட்டார். தலைப்பு: ‘லோன்லி: பொருளும் சரியான பயன்பாடும்’. பட்டியலில் உள்ள எழுபத்தொரு பேரும் வர வேண்டும். ஆட்சேபனை உள்ளவர்களும் வரலாம். கடைசித் தேர்வில் முதல் பன்னிரண்டு இடம் பிடிப்பவர்களுக்குச் சாவி.

செவ்வாய்க்கிழமை பத்து மணி. வழக்கம்போல முதலில் உறுதிமொழி. தினமும் காலை பத்து மணிக்குக் கையை நீட்டிக்கொண்டு நாங்கள் சொல்வது: ‘தனியாக இருக்கும் எந்தப் பெண்ணையும் அவள் இருக்கும் இடத்தைவிட்டு வெளியேற்ற மாட்டோம், வெளியேற்றவும் விடமாட்டோம்.’ பணம் அனுப்பியவர்கள் போட்ட நிபந்தனை. எழுபத்தொரு பெண்களும், தூக்கிக்கொண்டு வந்த கைக்குழந்தைகளும், வாசலில் நின்ற புருஷன்மாரும் சேர்ந்து சொன்னார்கள்.

மொழி வல்லுநராக ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் தெய்வசிகாமணி வந்திருந்தார். அந்த வெயிலிலும் கோட்டு. மணப்பெண் நாற்காலியிலிருந்து கோப்புகளை இறக்கிவிட்டு அவரை உட்கார வைத்தார் சார். ஜோடி பொருத்தமாகத்தான் இருந்தது.

“பெண்மணிகளே” என்று ஆரம்பித்தார் பேராசிரியர். “அலோன் என்று ஒரு சொல். லோன்லி என்று ஒரு சொல். இரண்டையும் குழப்பியதால்தான் இந்தத் தேசம் பின்தங்கியிருக்கிறது. அலோன் என்ற பெயரடை பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வராது. ‘அந்தப் பெண் அலோன்’ என்னலாம். ‘ஓர் அலோன் பெண்’ என்னலாகாது. ஆகவே இலக்கணப்படி, இந்தக் கடற்கரையில் ஓர் அலோன் பெண்கூடக் கிடையாது.”

சார் எழுந்து நின்று கை தட்டினார். நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொன்னார். எழுதினேன்: அலோன் பெண்கள், இல்லை.

“அய்யா, எனக்கொரு டவுட்டு” என்றார் சார். “லி-ல முடியுதே. ஸ்லோலி, குயிக்லி, லோன்லி. அப்ப இது வினையடைதானே?”

“பெயரடை.”

“லி இருக்குதேய்யா.”

“இருந்தாலும் பெயரடை.”

“நான் ‘லி’யைப் பெருசாவே எழுதி வச்சிருக்கேன். வெளிய போயிப் பாருங்க.”

மத்தியானம் வரைக்கும் இது நடந்தது. கடைசியில் சார் ஜனநாயகத்துக்கு விட்டார். கைதூக்கச் சொன்னதில் வினையடைக்கு நாற்பது, பெயரடைக்கு முப்பத்தொன்று. பேராசிரியர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கிளம்பப் போனார். சமாதானமாகி ஒரு தீர்மானம் போட்டார்கள். லோன்லி முற்பகலில் பெயரடை, பிற்பகலில் வினையடை.

புதன்கிழமை பயிற்சி. அன்றைக்கு ‘லோன்லி மகளிர் சங்கம்’ தொடங்கித் தலைவி, செயலாளர், பொருளாளர் எல்லாம் தேர்ந்தெடுத்தார்கள். மூன்றாவது கூட்டத்துக்கும் வந்தால் லோன்லி இல்லை என்று ஆகிவிடும் என்பதால் இரண்டு கூட்டம் முடிந்ததும் சங்கத்தைக் கலைத்துவிட வேண்டும் என்று விதியிலேயே எழுதினோம்.

வியாழக்கிழமை தேர்வு. லோன்லி என்ற சொல்லைச் சொந்த வாக்கியத்தில் அமைக்க வேண்டும். வினோதினி பத்தாவது பாஸ். பிற்பகல் இரண்டு மணிக்குத் தைரியமாக எழுந்தாள்.

“ஐ லிவ் லோன்லி வித் மை ஹஸ்பெண்ட்.”

பேராசிரியர் கண்ணை மூடினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “பிற்பகல் என்பதால் வினையடை. ஆகவே சரி. பத்துக்குப் பத்து.”

வாசலில் நின்ற வினோதினியின் புருஷன் விசில் அடித்தான்.

மாரியக்கா கடைசி. உப்பளத்தில் அரைநாள் சொல்லிவிட்டு வந்திருந்தாள். கால் விரலிடுக்கில் உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது.

“எனக்கு இங்கிலீஷு வராதுங்க.”

“தமிழில் சொல்லலாம். மதிப்பெண் பாதி.”

அவள் மேடையைப் பார்த்தாள். தெர்மோகோல் எழுத்துகளைப் பார்த்தாள். “எட்டுப் பேருக்கு நடுவுல வெறிச்சினு இருக்குதுங்க” என்றாள்.

ஒரு குழந்தை மட்டும் கிலுகிலுப்பையை ஆட்டியது.

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். “‘வெறிச்’ என்பது ஒலிக்குறிப்பு. அதிலும் சத்தமே வராத ஒலிக்குறிப்பு. அதற்கு ஒருமை பன்மை கிடையாது, வேற்றுமை கிடையாது. மேலும் எட்டுப் பேர் என்று நீங்களே சொல்கிறீர்கள். ஓர் ஒலிக்குறிப்புக்கு எப்படியம்மா அறை ஒதுக்குவது?”

“அப்ப ஒக்காந்துக்கலாங்களா?”

“உட்காரலாம். பூஜ்யம்.”

பிறகு டிபன். சமையல்காரர் அந்தோணிசாமி இலை பற்றவில்லை, காகிதமாவது கொடுங்கள் என்று மேடைக்கு வந்தார். சார் பேராசிரியரோடு வினையடை பற்றிப் பேசிக்கொண்டே, திரும்பிப் பாராமல், தம் கையால் பீரோவைத் திறந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். முறுக்கு டின் மட்டும் பத்திரமாக உள்ளே இருந்தது.

நானும் மாரியக்காவும் பந்தி ஹாலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். ஆளுக்கொரு காகிதத்தில் இரண்டு உளுந்து வடை. அவள் வடையை எடுத்ததும் அடியில் எழுத்து தெரிந்தது. எண்ணெய் பட்டதில் பளிச்சென்று தெரிந்தது. மூலவர் கர்ப்பகிரகத்தைவிட்டுப் புறப்பட்டு, உளுந்து வடையைச் சுமந்துகொண்டு பந்திக்கே வந்துவிட்டார்.

நல்லவேளை, அது இரண்டாம் பக்கம். பதினேழாவது கேள்வி ஒரு மிளகுக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டு தடவை படித்தேன்.

“என்னா தமிழு, வடையில பல்லி கில்லி கெடக்குதா?”

“அக்கா, இதுதாங்க்கா அந்தக் கேள்வி. இங்கிலீஷுல வேற மாதிரி கேட்டிருக்காங்க. ‘சுத்தி ஆளுங்க இருந்தாலும், யாருமே இல்லாத மாதிரி மனசுக்கு இருக்குதா?’ன்னு கேட்டிருக்காங்க.”

மாரியக்கா மெல்லுவதை நிறுத்தினாள்.

“இதையா கேட்டாங்க?”

“ஆமாக்கா.”

“அந்தச் சீமையில இருக்கறவங்களா?”

“ஆமா.”

“இதக் கேட்டிருந்தா நான் பேசாம தலையாட்டி இருப்பனே” என்றாள். அவள் கண் கலங்கியது. எதிர் பெஞ்சிலிருந்து உடனே மூன்று பேர் சொம்போடு எழுந்தார்கள். அவள் சட்டென்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, “காரம்மா, காரம்” என்றாள். பிறகு என்னிடம் மெதுவாக, “இன்னொரு வடை வாங்கிப் பாரு, பதினெட்டாவது கேள்வி வரும்” என்றாள்.

நான் வடையைத் தின்றுவிட்டுக் காகிதத்தோடு மேடைக்குப் போனேன்.

சார் அதை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்துப் பார்த்தார். “எண்ணெ பட்ட டாக்குமென்ட் செல்லாதும்மா.”

“நீங்கதான சார் எடுத்துக் குடுத்தீங்க.”

“டாக்குமென்டா குடுக்கல. வடைக்குக் குடுத்தேன்.”

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் படித்தார். அவர் முகம் மாறியது. ஒரு கணம், வகுப்பில் யாருக்கோ எப்போதோ இதைச் சரியாகச் சொல்லிக்கொடுத்த மனிதர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. சார் அவருக்கு முன்னால் போக்குவரத்துப்படி வவுச்சரை நகர்த்தினார். எட்டிப் பார்த்தவர் உள்ளே போய்விட்டார்.

“‘உணர்கிறீர்களா’ என்று இருக்கிறது” என்றார் பேராசிரியர். “உணர்வது அளவைக்குள் அடங்காது. எட்டுப் பேர் என்பது அடங்கும். தமிழாக்கம் மூலத்தைவிடச் செம்மையாக இருக்கிறது.”

“அதான்” என்றார் சார். “நாளைக்கிக் காலையில பதினோரு மணிக்கி லிஸ்ட் அனுப்பறோம். ‘தமிழாக்கம் பிழையற்றது, லோன்லி என்றால் தனியாக வசிப்பது என்றே பொருள்’னு ஒரு சான்று வைக்கணும். நாங்க ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுட்டோம். களப் பணியாளரு கையெழுத்து ஒண்ணு பாக்கி. நீதான். உம்பேரு என்னாம்மா?”

“செந்தமிழ் சார். நாளைக்கி வரேன்.”

வெள்ளிக்கிழமை காலை வழக்கத்தைவிட மூன்று மணி நேரம் முன்னால் மண்டபத்தைத் திறந்தேன். திறந்து என்ன செய்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஏழரை மணிக்கு மாரியக்காவின் கொட்டகைக்குப் போனேன். பாவாடை பல் துலக்கிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் அவனுக்குக் கோபம்.

“ஏம்மா, அண்ணிய நாங்க தொரத்திட்டோம்னு ஊரு பேசாதா? நாங்க என்னா கொற வச்சோம்?”

“ஒண்ணும் கொற வைக்கல பாவாடை” என்றாள் மாரியக்கா. “நீங்க கொறயே வைக்க மாட்டேங்கறீங்க. அதான். ஒரு ரெண்டு நாளிக்கிக் கொஞ்சம் கொற வையுங்க.”

அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ, பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். அவன் பெண்டாட்டி கைநாட்டு வைத்தாள். வைத்துவிட்டு, “சோறு மட்டும் நான் கொண்டாந்து குடுக்கறேங்க்கா” என்றாள். “வெளிய வச்சிட்டுப் போ. கதவத் தட்டாத” என்றாள் மாரியக்கா.

பத்து மணிக்கு உறுதிமொழி. கையை நீட்டிச் சொன்னோம். பதினோரு மணிக்கு மேடைக்குக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை நாற்காலியில் ஒருவர், மணப்பெண் நாற்காலியில் ஒருவர். நடுவில் சான்று. சார் பேனாவைத் திறந்து நீட்டினார்.

“ஒரே ஒரு சந்தேகம் சார்” என்றேன்.

“கடைசியா?”

“கடைசி. இந்தச் சான்றுப்படி, லோன்லின்னா தனியா வசிக்கறது. அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

“உணர்றது கிணர்றது ஒண்ணும் வேணாம்?”

“வேணவே வேணாம்.”

“சந்தோஷமா இருந்தாலும் சரி, அழுதாலும் சரி. ஒரு அறையில ஒரு ஆளு. அது போதும்?”

“எத்தினி தடவ சொல்றது? ஒரு ரூமு, ஒரு ஆளு. அய்யா சொல்லுங்க.”

“கேள்விக்கே இடமில்லை” என்றார் பேராசிரியர்.

நான் பேனாவை வாங்கவில்லை. கக்கத்தில் வைத்திருந்த பாரத்தை எடுத்து மேஜையில் வைத்தேன்.

“விலாசம் மாறிடுச்சி சார், புதுப் பாரம். பெயர் மாரியம்மாள். விலாசம், மண்பாதை, அறை எண் பன்னிரண்டு. காலையிலயே குடி போயாச்சி. பதினேழாவது கேள்வி, நீங்கள் தனியாக இருக்கிறீர்களா, ஆம். உறவினர் சாட்சி ரெண்டு பேரு. களப் பணியாளர் கையெழுத்து என்னுது. மையில. சீல் குத்தி இன்வர்டுல ஏத்திட்டேன். நம்பர் முந்நூத்திப் பதினெட்டு.”

சார் திரும்பி ஆணிகளைப் பார்த்தார். பதினோரு சாவிகள் இருந்தன. பன்னிரண்டாவது ஆணி வெறுமனே இருந்தது. கோப்புகள் சரிகிற மாதிரி அவர் நாற்காலியில் கொஞ்சம் சரிந்தார்.

“இது அத்துமீறல்! இப்பவே ஆள அனுப்பிக் காலி பண்ண வைக்கறேன்.”

“தனியாக இருக்கும் எந்தப் பெண்ணையும்” என்றேன், கையை நீட்டி.

பந்தி ஹாலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அந்தோணிசாமி பழக்கதோஷத்தில் அங்கிருந்தே மிச்சத்தைச் சொல்லி முடித்தார்: “அவள் இருக்கும் இடத்தைவிட்டு வெளியேற்ற மாட்டோம், வெளியேற்றவும் விடமாட்டோம்.”

பேராசிரியர் சான்றில் தாம் போட்ட கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “லோன்லியின் பொருள் இதுதான் என்று நாம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்” என்றார் மெதுவாக. அவர் உதட்டோரம் லேசாகத் துடித்தது. சிரிப்பாகவும் இருக்கலாம். கோட்டுக்குள் புழுக்கமாகவும் இருக்கலாம்.

“உனக்கு வேல போயிடும், தெரியுமா?” என்றார் சார். முதல்முறையாகக் குரல் உயர்ந்தது. “செந்தமிழு! உன்னைத்தான்.”

பெயர் ஞாபகம் வந்துவிட்டது.

“அது காலையிலயே போயிடுச்சி சார்” என்றேன். “இன்வர்டு நம்பர் முந்நூத்திப் பத்தொம்பது, என் ராஜினாமா. பிரிச்சிப் பாருங்க. மூலம்தான், தமிழாக்கம் இல்ல.”

தபால் சீலையும் மண்டபத்துச் சாவியையும் அவர் முன்னால் வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினேன். ‘நல்வரவு’ போர்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தேன். இடது பக்கம் திரும்பினால் உப்பளத்து மண்பாதை, பன்னிரண்டு கதவுகள். போய் ஒரு பார்வை பார்க்கலாமா என்று ஒரு நிமிஷம் கால் நின்றது.

போனால் நானும் ஒரு சொம்போடு போனதாகத்தான் ஆகும். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கும். வலது பக்கம் திரும்பி நடந்தேன்.